லூபெரோன் மலைக் கிராமங்கள்: போகும் முன் கவனிக்க

தென் பிரான்ஸில் கோர்ட், ரூசியோன், பொன்னியோ மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். நான்காவதைச் சேர்த்தால் எதையும் நின்று ரசிக்க முடியாது. பஸ் குறைவு, அவிஞ்யோன் டிஜிவி (அதிவேக ரயில்) ஸ்டேஷனிலேயே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். அங்கிருந்து கோர்ட் சுமார் 40 கி.மீ.

முதலில் கோர்ட், காலை 9 மணிக்குள். கவாய்யோன் பக்கமிருந்து வரும் சாலையில், ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் பாறை விளிம்பிலிருந்துதான் முழு ஊரும் தெரியும். காலை வெயில் நேராக வீடுகள்மேல் விழும். செவ்வாய்க்கிழமை காலை சந்தை. சந்தைக்காகப் போகாதவர்கள் அன்று தவிர்ப்பது நல்லது, கார் நிறுத்த இடமே கிடைக்காது.

எந்த ஊரிலும் காரை மேலே கொண்டுபோகாதீர்கள். சந்துகள் போகப்போகக் குறுகும், திருப்ப இடமிருக்காது. கீழே கட்டணப் பார்க்கிங்கில் விடுங்கள். மெஷின் வண்டி எண் கேட்கக்கூடும். வாடகைக் கார் என்றால் நம்பர் பிளேட்டை முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பையைக் கண்ணில் படும்படி காருக்குள் வைக்கவே வேண்டாம்.

ரூசியோனின் காவிமண் பாதைக்கு வெள்ளைச் செருப்பு, வெளிர்நிற உடை கூடாது. அந்தப் பொடி துணியில் ஏறினால் லேசில் போகாது. தட்டிவிடுங்கள், ஈரக்கையால் தேய்த்தால் இன்னும் பரவும். மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள்.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரைதான். 1.30க்குப் பிறகு போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

பொன்னியோவை மாலைக்கு வையுங்கள். மேலே இருக்கும் தேவாலயத்துக்கு 86 கல்படிகள், வழவழப்பானவை; பிடிமானமுள்ள ஷூ அவசியம்.