ராணுவ ஏசி மெக்கானிக்குகளே, பயோடேட்டாவை மாற்றி எழுதுங்கள்

ராணுவத்தில் ஏசி, குளிர்பதன வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நம் கொங்குப் பகுதிக்காரர்கள் பலர், பயோடேட்டாவில் "ஈ.எம்.ஈ.யில் (ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு) 17 ஆண்டு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். மில் மேனேஜருக்கு அதிலிருந்து ஒன்றும் புரியாது. என்ன மெஷின், எத்தனை டன் குளிரூட்டும் திறன், ஸ்க்ரோல் கம்ப்ரசரா ஸ்க்ரூவா, எந்தக் குளிர்பதன கேஸ் என்று எழுதுங்கள். "120 டன் சில்லர் பிளாண்ட், ஷிப்ட் பொறுப்பு, கூலிங் டவர் பராமரிப்பு" என்று ஒரே ஒரு வரி இருந்தால் இன்டர்வியூவில் பேச்சே வேறு மாதிரி போகும். முகாம், யூனிட் விவரங்கள் வேண்டவே வேண்டாம்.

வீட்டு ஏசி சர்வீஸோடு நின்றுவிடாதீர்கள். கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளில் காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகவே காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஓடுகிறது. ஏர் வாஷர், ஃபேன், டக்ட், பம்ப் எல்லாம் உங்கள் கைக்குப் பழகியவைதான். பால் குளிரூட்டும் நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

பழைய ஆர்-22 கேஸ் மெஷினிலேயே கை பழகியவர்கள் ஆர்-32 கேஸ் வேலையைத் தனியாகக் கற்றுக்கொள்வது நல்லது. அது லேசாகத் தீப்பற்றும் கேஸ். பைப்பில் மிச்ச கேஸ் இருக்கும்போது பைப்பை ஒட்டும் பிரேசிங் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கேஸை முழுதாக ரெகவரி செய்து (சிலிண்டரில் திரும்ப எடுத்து), நைட்ரஜன் விட்ட பிறகே பிரேசிங் செய்ய வேண்டும்.

அப்புறம், டி.ஜி.ஆர். (ஓய்வு பெறும் படைவீரர்களுக்கான மத்திய அரசின் மறுவாழ்வு இயக்ககம்) தரும் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பணியில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஊர் வந்ததும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்யுங்கள்.