நான்கு தட கேசட்டைக் கணினிக்கு மாற்றுதல்

1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற நான்கு தட கேசட் பதிவுக் கருவி வந்த பிறகு வீடுகளில் பதிவான நான்கு தட கேசட்டுகளை, இயன்றவரை அதே வகைக் கருவியிலேயே ஓட்ட வேண்டும். ஏனெனில் அதில் நான்கு தடங்களும் ஒரே திசையில், சாதாரண டெக்கைவிட இருமடங்காக நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் ஓடுகின்றன.

முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பழுப்புக் கறை ஒட்டாத நிலை வரும்வரை நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். வேகத் திருகை நடுவில் வைத்து, பதிவின்போது டிபிஎக்ஸ் (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) பயன்பட்டிருந்தால் அதை இயக்குங்கள். டிபிஎக்ஸை இயக்காமல் விட்டால், பின்னர் மென்பொருளில் சரிசெய்வது பெரும்பாடு.

நான்கு தட வெளியீடுகளையும் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் நான்கு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் தனித்தனியே இணைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஓட்டத்தில் பதியுங்கள். இரண்டிரண்டாகப் பதிந்தால், நாடா ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வேகத்தில் ஓடுவதால், பாட்டின் முடிவுக்குள் டிரம்மும் கிட்டாரும் விலகிவிடும்.