புள்ளி தொலைந்த அட்டை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பஜனைக் குழுவின் சிடிக்கு அட்டை வடிவமைத்தேன். முன்மாதிரி, ப்ளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் செய்த அட்டைகள்: பெரிய எழுத்து, தாராளமான வெற்றிடம், ஓரிரு நிறம். என்னுடையது கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ்.

திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சு மாதிரியில் பாடல் பட்டியலின் புள்ளிகள் மறைந்து, 'கண்ணன்' 'கணணன' ஆகிவிட்டான்! எழுத்துருவை மாற்றினேன், தடிமனாக்கினேன், பிடிஎஃப்பை மறுபடி எடுத்தேன். நான்கு நாள் வீண்.

பூதக்கண்ணாடி வைத்தபோதுதான் புள்ளிக்குள் மெல்லிய நீலம் தெரிந்தது. என் கறுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும் நான்கு மைகளின் கலவை: சயான் எனும் நீலம், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு. தாள் மயிரிழை நகர்ந்தாலும் சயான் உள்ளே ஏறிவிடும். பெரிய எழுத்து தாங்கும், நம் புள்ளி தாங்காது.

எழுத்துகளின் வெளிப்புறம் 0.5 பாயிண்ட் கோடு போட்டேன்: கறுப்பு மை 100 சதவீதம், மற்ற மூன்றும் 0. இனி தாள் சற்று நகர்ந்தாலும் சயான் அந்தக் கோட்டுக்குள்தான் ஏறும், புள்ளிக்குள் அல்ல. அடுத்த மாதிரியில் கண்ணன் முழுசாக வந்தான். அப்பாடா!