மரத்துப்போன விரலும் காஜாவும்

குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். ரங்கூனில் தையல்தான் எனக்குத் தொழில். இந்த மருந்து நரம்பைப் பிடிக்கும், கை கால் விரல்கள் மரத்துப்போகும். ஏற்றி முடித்த பிறகும் 2, 3 மாதம் மரப்பு கூடலாம். அதனாலேயே நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அப்புறம் பலருக்குக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

முதலில் காலைக் கவனியுங்கள். விரலிடுக்குச் செருப்பு கழன்றாலும் தெரியாது, பின்வார் வைத்தது வாங்குங்கள். கோயிலானாலும் ஷ்வேடகோன் பகோடா ஆனாலும் வெறுங்கால்தான். ஏப்ரல் வெயிலில் பளிங்கு சுடுவது நமக்கு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விடியற்காலையில் போய்விடுங்கள். படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீரை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

கைக்கு ஊசியில் தொடங்காதீர்கள். தட்டில் பொத்தான்களைக் கொட்டி, பெரிய கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாக எடுங்கள். அது வந்ததும் சட்டைப் பொத்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் தடித்த துணியில் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை) போட்டுக்கொண்டு பெரிய ஓட்டுத்தையல். காஜா, அதாவது பொத்தான் துளைத் தையல், கடைசிதான். இஸ்திரிப்பெட்டியை மட்டும் கடைப் பையனிடம் விட்டுவிடுங்கள்.

நரம்புக்கு நல்லது என்று யாராவது மாத்திரை நீட்டுவார்கள். பி6 வைட்டமின் அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எரிச்சலும் வலியும் தாங்கவில்லையென்றால் டுலோக்செட்டின் என்று ஒரு மருந்து உண்டு. உங்களுக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மனசு விஷயம் கொஞ்சம் பேச வேண்டும். "உயிர் பிழைச்சீங்களே அண்ணே, அது போதாதா?" என்பார்கள். போதாது. தொழில்காரனுக்குக் கை போனால் பாதி ஆள் போன மாதிரிதான், அந்தக் கோபத்தை விழுங்க வேண்டியதில்லை. ஆனால் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். அளவெடுங்கள், துணி பார்த்துச் சொல்லுங்கள், பையனின் தையலைத் திருத்துங்கள். ஸ்கேன் எடுக்கும் வாரத்தில் அவசர ஆர்டர் வாங்காதீர்கள், அந்த நாட்களில் தூக்கம் வராது. எதிலும் பிடிப்பில்லாமல் 2 வாரம் ஓடிவிட்டால், மரப்பைச் சொல்வது போலவே டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். சாக வேண்டும் போலத் தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வாரம் 3 நாள் 30 நிமிட நடை அசதிக்கும் மனசுக்கும் உதவும். 5 நிமிடத்தில் ஆரம்பித்தாலும் சரி. கந்தோஜி ஏரிக்கரை தோதான இடம். மழைக்காலத்தில் மட்டும் அங்குள்ள பலகைப் பாதை வேண்டாம். வழுக்குவதைப் பாதம் நமக்குச் சொல்லாது.