பாதிப் புத்தகத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்

"இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "இன்னும் முடிக்கல, முடிச்சிட்டுச் சொல்றேன்" என்று அத்தோடு நிறுத்திவிடுகிறோம். முடித்த பிறகும் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்குள் அடுத்த புத்தகம் கைக்கு வந்திருக்கும், முந்தையதில் நம்மை உலுக்கிய இடம் மங்கிப்போய் "நல்லா இருந்துச்சு" என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கியிருக்கும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல வருடங்களாக மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து வருகிறேன், அதோடு சேர்ந்து ஒரு சின்ன வாட்ஸ்அப் குழுவும் ஓடுகிறது. இரண்டிலும் நான் கண்டது ஒன்றுதான். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச மிக நல்ல நேரம், நாம் அதன் நடுவில் இருக்கும் நேரம்.

காரணம் எளிது. முடித்தவர் தீர்ப்பு சொல்கிறார், கேட்பவர் அதற்குத் தலையாட்டலாம் அல்லது மறுக்கலாம், அவ்வளவுதான். நடுவில் இருப்பவரிடம் கேள்வி இருக்கிறது, கேள்விக்கு மற்றவர்கள் ஏதாவது கொடுக்க முடிகிறது. நான் கி. ராஜநாராயணனை முதன்முதலாகப் படித்தபோது 'சம்சாரி' என்ற சொல்லைக் குடும்பஸ்தன் என்றே எடுத்துக்கொண்டு பல பக்கங்கள் தாண்டிவிட்டேன், எங்கேயோ பொருள் இடித்துக்கொண்டே இருந்தது. வட்டத்தில் சொன்னதும் விளாத்திகுளம் பக்கத்து அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே, "எங்க பக்கம் சம்சாரின்னா வெள்ளாமை பாக்குறவங்க" என்றார். கரிசல் காட்டில் விவசாயிக்கு அதுதான் பெயர். அன்று இரவு திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தேன், அது வேறு புத்தகமாக இருந்தது. முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று இருந்திருந்தால் கடைசிப் பக்கம் வரை தப்பாகவே படித்திருப்பேன்.

சரி, எப்படிச் சொல்வது? அட்டைப்படத்தைப் படமெடுத்துப் போட்டு "தற்போதைய வாசிப்பு" என்று எழுதினால் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அட்டை போடுங்கள், தப்பில்லை, ஆனால் அதன் கீழே மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அங்கே உங்களைப் பிடித்து நிறுத்தியது எது, மற்றவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டு எழுதிப் பார்க்கிறேன்:

"பொன்னியின் செல்வன், முதல் பாகம், 1-ஆம் அத்தியாயம். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் போகிறான், ஏரியிலிருந்து 74 கணவாய் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. கணவாய் என்றால் மலை இடுக்குத்தானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இங்கே மதகைச் சொல்கிறார் போல. இதுதான் இப்போதைய வீராணம் ஏரி என்கிறார்கள். அந்தக் கரையில் நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

இவ்வளவுதான், ஐந்தாறு வரி. இதற்குப் பதில் சொல்ல ஒருவர் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டியதே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உறவு உள்ளவர் ஏரியைப் பற்றிச் சொல்வார், சென்னையில் இருப்பவர் தங்கள் குழாயில் வரும் வீராணம் தண்ணீரைப் பற்றிச் சொல்வார், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் மதகைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். கேள்வி கேட்கும்போது இதை மட்டும் மனதில் வையுங்கள், புத்தகம் படிக்காதவரும் உள்ளே வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். "இந்தப் புத்தகம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்ற கேள்வியில் அந்தக் கதவு கிடையாது, படித்தவர்கூடப் பரீட்சைக் கேள்வி போல நினைத்து ஒதுங்கிவிடுவார்.

இடத்தைச் சொல்லும்போது பக்க எண்ணை நம்பாதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பொன்னியின் செல்வனை எத்தனையோ பதிப்பகங்கள் வெவ்வேறு அளவில், வெவ்வேறு எழுத்துப் பருமனில் போட்டிருக்கின்றன. உங்கள் 212-ஆம் பக்கம் எனக்கு 180 ஆக இருக்கும், கிண்டிலில் படிப்பவருக்கு வெறும் சதவீதமாக இருக்கும். பாகம், அத்தியாய எண், முடிந்தால் அத்தியாயத் தலைப்பு, இது எல்லாருக்கும் பொது. அதிலும் பாகத்தை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு பாகத்திலும் எண் திரும்ப 1-லிருந்து தொடங்குகிறது. "20-ஆம் அத்தியாயம்" என்று மட்டும் சொன்னால் ஐந்து இடங்களில் தேட வேண்டும். சிறுகதைத் தொகுப்பு என்றால் கதையின் பெயர் போதும். குட்ரீட்ஸ் மாதிரிச் செயலிகளில் பக்க எண்ணோ சதவீதமோ போட்டு ஒரு குறிப்பு எழுதலாம், உங்களுக்கான கணக்காக அது நல்லது, ஆனால் பேச்சு நடக்க ஆள் தெரிந்த இடம் வேண்டும்.

இனி முடிவைப் போட்டு உடைக்கும் சங்கதி. இதில் எனக்குப் பட்ட காயம் ஒன்று உண்டு. நான்கு மாதமாக மெல்ல மெல்லப் படித்துவந்த ஒரு நாவலின் கடைசித் திருப்பத்தை ஒரு குழுவில் ஒருவர் சாதாரணமாக ஒரே வரியில் எழுதிவிட்டார், "எல்லாரும் படிச்சதுதானே" என்று. பழைய புத்தகம் என்பதற்காக எல்லாரும் படித்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் வாரவாரம் வந்தபோது நாடு முழுக்க எல்லாரும் ஒரே அத்தியாயத்தில் நின்றார்கள், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திண்ணையில் பேசினால் யாருக்கும் எதுவும் கெடவில்லை, எழுதுகிறவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாதே! இப்போது நம் குழுவில் ஒருவர் முதல் பாகத்தில், இன்னொருவர் ஐந்தாம் பாகத்தில், மூன்றாமவர் படம் மட்டும் பார்த்தவர். அதனால்தான் இடத்தைச் சொல்வதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். நான் எங்கே நிற்கிறேன் என்று எழுதினால், அதைத் தாண்டிப் போனவர் அதற்கு முன்னால் நடந்ததை மட்டும் பேசுவார், இன்னும் வராதவர் என் செய்தியைப் படிக்காமல் தள்ளிப்போவார்.

ஜாடையாகச் சொல்வதும் உடைப்பதுதான். "அடுத்த 50 பக்கம் போங்க, அழுவீங்க" என்பதும், "அந்த ஆளை நம்பாதீங்க" என்பதும் படிப்பவரின் கண்ணைத் திருப்பிவிடுகிறது, அதற்குப் பிறகு அவர் கதையைப் படிப்பதை விட்டு அழுகையை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார். ரொம்பவும் சொல்லத் துடித்தால் ஏற்கெனவே முடித்த ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுவிலேயே எழுத வேண்டும் என்றால் டெலிகிராமில் எழுத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் நாங்கள் முதல் வரியில் "இரண்டாம் பாகம் முடித்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதி, கீழே வரிக்கு ஒரு புள்ளியாக முப்பது வரி விட்டு, அப்புறம் விஷயத்தை எழுதுகிறோம். நீளமான செய்தி மடங்கிக்கொள்வதால் 'மேலும் படிக்க' தட்டினால்தான் திறக்கும்.

நேரில் கூடும்போது செய்ய வேண்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது வாசித்துக் காட்டுவது. கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடச் சுருக்கத்தில் எந்த நாவலும் ஒன்றுபோலவே கேட்கும். அதற்குப் பதிலாக ஒரு பத்தி, அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம், உரக்க வாசியுங்கள். வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள் (நூலகப் புத்தகம் என்றால் பென்சில் வேண்டாம், காகிதத் துண்டு போதும்). தொடங்குமுன் இரண்டே வாக்கியத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். நாம் நினைப்பதைவிட மெதுவாக வாசிக்க வேண்டும். வட்டார வழக்கில் எழுதிய பகுதியாக இருந்தால், அந்த வட்டாரத்துக்காரர் யாராவது அறையில் இருக்கிறாரா என்று பார்த்து அவரிடமே புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' நாவலிலிருந்து ஒரு பக்கத்தை நான் வாசித்தபோது எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். அதே பக்கத்தை விளாத்திகுளம் அக்கா வாசித்தபோது பின்வரிசையில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்த மாதம் நூலகத்தில் இருந்த இரண்டு பிரதிகளும் அலமாரிக்குத் திரும்பவே இல்லை, கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தன. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

வாசித்துக் காட்ட நேரில்தான் கூட வேண்டும் என்றில்லை. வெளியூரில் இருக்கும் நண்பருக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள், இரண்டு நிமிடத்துக்குள். கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது தட்டச்சு செய்த பத்து வரியைவிட மேல்.

பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவது என்றால் ஒரு பத்தி போதும், நிழல் விழாமல், வரி நேராக, எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்று குறியிட்டு. முழு அத்தியாயத்தையும் எடுத்து அனுப்பாதீர்கள்.

நீங்கள் ஒரு புத்தகத்தைச் சொன்னவுடன் வரும் முதல் கேள்வி என்னவென்று நமக்கெல்லாம் தெரியும்: "பிடிஎஃப் இருக்கா?" இதற்குப் பதில் தயாராக இருக்கட்டும், கோபம் வேண்டாம், பலருக்கு உண்மையிலேயே புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல்தான் கேட்கிறார்கள். கல்கி, புதுமைப்பித்தன் போல நாட்டுடைமை ஆனவர்கள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மதுரைத் திட்டம் 1998-லிருந்து தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைத்துவருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் மின்னூலகம் இருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. கி.ரா. மறைந்தது 2021-ல்தான். அப்படிப்பட்ட புத்தகத்துக்குப் பதிப்பகத்தின் பெயர், விலை, நம் நூலகத்தில் இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். உங்கள் பிரதியை இரவல் கொடுக்க மனமிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்துவிட்டுக் கொடுங்கள். தமிழில் எழுதிப் பிழைப்பது கடினம் என்று எல்லாக் கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம், பிறகு அவர்கள் புத்தகத்தையே பிடிஎஃப் ஆக்கிச் சுற்றில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் சொல்லும் முறை. மற்றவர் சொல்லும்போது எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் ஒரு வட்டம் நிற்பதும் கலைவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் தயங்கித் தயங்கி "இதை ஆரம்பிச்சிருக்கேன்" என்றதும் "அதுவா, நான் காலேஜ்லயே படிச்சேன், சுமார்தான்" என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த மாதம் வாயைத் திறக்க மாட்டார். புத்தகம் பற்றிய உங்கள் தீர்ப்பை அவர் முடிக்கும் வரை வைத்திருங்கள். இப்போது "எந்த இடத்துல இருக்கீங்க? எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள், போதும். துப்பறியும் கதையோ, குடும்ப நாவலோ, சமையல் புத்தகமோ, வார இதழ்த் தொடரோ, எது படித்தாலும் அது படிப்புத்தான். எங்கள் வட்டத்தில் ஒரு அண்ணன் ஒரு வருடம் முழுக்க மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றைப் பற்றியே பேசினார், நாங்கள் காத்திருந்து கேட்ட பேச்சுகளில் அதுவும் ஒன்று.

மெதுவாகப் படிப்பதையும் பாதியில் விட்டதையும் மறைக்காதீர்கள். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்பவர்கள் கனமான புத்தகத்தைத் தொடவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "நாலு நாளாக எட்டுப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது, அடிக்கடி பின்னால் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது" என்று ஒருவர் எழுதினால் அது அந்தப் புத்தகத்தைப் பற்றிய நல்ல தகவல். விட்டுவிட்டால் எந்த அத்தியாயத்தில் விட்டீர்கள், புத்தகம் பிடிக்கவில்லையா, நேரம் சரியில்லையா என்று சொல்லுங்கள். "நானும் அங்கேதான் விட்டேன், அப்புறம் ஒரு அத்தியாயம் தாண்டிப் படித்துத் திரும்ப உள்ளே போனேன்" என்று யாராவது கைகொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்குத் தான் தனியாக இல்லை என்று தெரியும்.

எவ்வளவு அடிக்கடி என்று கேட்டால், ஒரு புத்தகத்துக்கு மூன்று நான்கு முறை. தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் நிறுத்திய இடங்களில் ஓரிரண்டு. முடித்ததும் ஒருமுறை, அதிலும் நீளமான விமர்சனம் எழுத வேண்டும் என்று மலைக்காதீர்கள். நடுவில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவரின் செய்தியைத் தேடி எடுத்து, அதற்குக் கீழேயே எழுதுங்கள்: "நீங்கள் அன்று மதகு என்று சொன்னீர்களே, அதன்பிறகு ஏரி வரும் இடமெல்லாம் தண்ணீர்ச் சத்தத்தோடு படித்தேன். போன வாரம்தான் முடித்தேன். புத்தகம் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரட்டுமா?"