பேய்ப்படம் எடுக்கப் போறீங்களா? எக்சார்சிஸ்ட் செட்ல நடந்த இந்தத் தப்புங்கள மட்டும் பண்ணிடாதீங்க

பேய்ப்படம் எடுக்குறவங்க பண்ற பெரிய தப்பு என்னன்னு கேட்டா நான் மொதல்ல சொல்றது இதத்தான்: நடிக்கிறவங்களுக்கு நெஜமாவே வலிச்சாதான் பாக்குறவனுக்கு பயம் வரும்னு நம்புறது. இதுக்கு எல்லாரும் கை காட்டுற படம் 1973ல வந்த தி எக்சார்சிஸ்ட். டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கின் செட்ல திடீர்னு துப்பாக்கிய வெடிச்சு நடிகர்கள அலற வச்சாரு, படத்துல நடிச்ச நெஜப் பாதிரியார் ஒருத்தர் கன்னத்துல பளார்னு அறைஞ்சிட்டு உடனே ஷாட் எடுத்தாருன்னு சொல்லி, "அதான்யா டெடிகேஷன்"னு முடிச்சிடுவாங்க.

மிச்சக் கதைய கேளுங்க. அம்மாவா நடிச்ச எலன் பர்ஸ்டின், பேய் பிடிச்ச பொண்ணு அடிச்சதும் பின்னாடி தூக்கி எறியப்படணும். டிரெஸ்ஸுக்குள்ள கயிறு கட்டி ஒருத்தர் இழுக்குறாரு. ரொம்ப வேகமா இழுக்குறாரு, அடிபட்டுடும்னு அவங்க டைரக்டர்கிட்டயே சொல்லிருக்காங்க, அப்புறமும் அடுத்த டேக்ல அதே மாதிரி இழுத்து, அவங்க தரையில விழுந்து முதுகுத்தண்டோட அடிப்பக்கம் அடிபட்டு, அந்த வலி பல வருஷம் கூடவே இருந்துச்சு. படத்துல நீங்க கேக்குற அலறல் நடிப்பு இல்ல. கட்டில் குலுங்குற சீன்ல அந்தப் பொண்ணா நடிச்ச லிண்டா பிளேருக்கும் முதுகுல அடி, அது வெறும் சின்னப் பொண்ணு. இத பெருமையா சொல்ல எனக்கு மனசு வரல.

அதனால கயிறு இழுக்குற ஷாட் இருந்தா மொதல்ல மெதுவா ரெண்டு மூணு தடவ ரிகர்சல் பாருங்க, விழுற எடத்துல மெத்தை போடுங்க, ஃப்ரேம்ல தெரியுதுன்னா ஃப்ரேம மாத்துங்க. நடிக்கிறவங்க "போதும்"னு சொன்னா அத்தோட நிறுத்தணும், "இன்னும் ஒரே ஒரு டேக்"னு கெஞ்சக் கூடாது.

இன்னொன்னு, செட்ல ஏதாவது நடந்தா சாபம்னு கிளப்பி விடுறது. அந்தப் படத்துக்கும் வீட்டு செட் எரிஞ்சு போயி ஷூட்டிங் வாரக்கணக்குல நின்னுச்சு, ஒடனே பேய் வேலைன்னு பேச்சு. நம்ம ஊர்ல ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல நாலு லைட்ட சொருகிட்டு புகை வந்தா எலுமிச்சம்பழம் வெட்டுறாங்க. பழம் வெட்டுங்க, வேணாங்கல, ஆனா மொதல்ல ஒயரப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்தப் படத்துல அம்பது வருஷமா ஜனங்க பேசுற சீன் எது? தலை முழுசா ஒரு சுத்து சுத்துமே, அது. அது பொம்மை. மேக்கப்மேன் டிக் ஸ்மித் செஞ்சது. கழுத்து நெறுநெறுன்னு திரும்புற சத்தம், கொன்சாலோ கவிரான்னு ஒரு சவுண்ட்காரர் கிரெடிட் கார்டு வச்ச பழைய லெதர் பர்ஸ மைக் பக்கத்துல முறுக்கி எடுத்தது. யாருக்கும் ஒரு கீறல் கூட விழல. நாங்களும் ஒரு நாள் ராத்திரி ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஏடிஎம் கார்டு நாலு சொருகுன பழைய பர்ஸ ஃபோன் மைக்குக்கு ஒட்டிப் பிடிச்சு முறுக்கிப் பாத்தோம், ஹெட்ஃபோன்ல கேட்டப்ப எனக்கே பிடரி சிலிர்த்துடுச்சு. புதுப் பர்ஸ்ல அந்தச் சத்தம் வராது, காஞ்சு வெடிச்ச தோல்தான் வேணும். சவுண்ட கடைசி நாள் பாத்துக்கலாம்னு விடுறதுதான் நம்ம பசங்க பண்ற அடுத்த தப்பு, எக்சார்சிஸ்ட் படத்துக்கு சிறந்த சவுண்டுக்கான ஆஸ்கரே கெடச்சிருக்கு.

பேர் போடுறதுலயும் கோட்டை விட்றாதீங்க. பேயோட குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜோடது, ஏற்கெனவே ஆஸ்கர் வாங்குன நடிகை, கரகரப்பு வரணும்னு பச்சை முட்டைய முழுங்கி, சிகரெட்டா ஊதித் தள்ளி பேசிருக்காங்க. படம் ரிலீஸ் ஆனப்ப டைட்டில்ல அவங்க பேரே இல்ல, சண்டை போட்டதுக்கு அப்புறம்தான் சேத்தாங்க. உங்க குறும்படத்துல பேய்க்கு டப்பிங் பேசுன பொண்ணு பேர எடிட் ஆரம்பிக்கிற அன்னைக்கே டைட்டில் கார்டுல எழுதி வச்சிடுங்க.