அப்பா இல்லாத பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்: விண்ணப்பிப்பது எப்படி?

கணவரை இழந்த பெண்ணிடம் "பிள்ளையை ஹோமில் விட்டுடு, சோறும் படிப்பும் கிடைக்கும்" என்று சொல்ல நாலு பேர் கட்டாயம் வருவார்கள். அதைக் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வறுமைக்காகப் பிள்ளை அம்மாவைப் பிரியக்கூடாது என்றுதான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்த நிதி ஆதரவைத் தருகிறார்கள், அதிகபட்சம் 18 வயது வரை. தமிழ்நாட்டில் வாங்கும் வழி இது.

முதலில் தகுதி. அம்மா விதவையாகவோ விவாகரத்தானவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கலாம், பெற்றோருக்கு உயிரைப் பறிக்கும் நோய் இருக்கலாம், இருவரையும் இழந்து பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளரும் பிள்ளையாகவும் இருக்கலாம். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது.

அடுத்து காகிதங்கள், இழுத்தடிப்பதே இதுதான். ஆதார், ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான போனஃபைடு சான்று, பிள்ளையும் அம்மாவும் சேர்ந்த வங்கிக் கணக்கு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அம்மா பெயரில் விண்ணப்பியுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் பணம் வரும் நேரத்தில்தான் தெரியும்!

அப்புறம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வாசலில் "நான் முடிச்சுத் தரேன்" என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

பிறகு வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, சிலர் வறுமையையே மறைத்துப் பேசுகிறார்கள். வேண்டாம், இந்த விசாரணையே பிள்ளை வீட்டில் இருப்பதற்காகத்தான். வாடகை, கடன், அம்மாவின் வேலை எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள், அந்த அறிக்கையை வைத்துத்தான் மாவட்டக் குழு முடிவெடுக்கும்.

ஒப்புதல் வந்ததும் பணம் கணக்குக்கே வரும். பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் உதவியும் நின்றுவிடும், ஆண்டுதோறும் மறுபரிசீலனையும் உண்டு.

தகுதி ஒத்துவரவில்லையா? மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒப்புகை நகலோடு மனு கொடுங்கள். ஆனால் பிள்ளைக்கு அடி, உதை, குழந்தைத் திருமணம் போன்ற ஆபத்து என்றால் விண்ணப்பமெல்லாம் அப்புறம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் இலவசம்.